பாராமதித் தொகுதியில் நாம்

ஹிஞ்சேவாடியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியிருக்கும் நம் அங்கத்தினர்களை நோக்கி, "உங்களுடைய பாராளுமன்றத் தொகுதி யாது?" என்று வினவினால், பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் "புனே" என்று விடை பகர்கின்றனர். கடிதங்களின் மேல் புனே என்று எழுதுகிறோம். ஊரிலுள்ளோரிடம் பேசும்போதும் புனேயில் இருப்பதாகவே சொல்கிறோம். ஆனால் தேர்தல் கமிஷனின் கணக்கு வேறு. ஹிஞ்சேவாடி, மாண், மாருஞ்சி முதலிய ஊர்கள் முள்சி தாலுகாவைச் சேர்ந்தவை. முள்சி தாலுகா, 'போர்' சட்டசபைத் தொகுதியில் அடங்கியது. (போர் என்றதும் யுத்தம் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை, அது நீரா நதிக்கரையில் இருக்கும் ஒரு பழைய சமஸ்தானத்து ஊர்.) அந்தப் போர் தொகுதியோ பாராமதிப் பாராளுமன்றத் தொகுதியின் ஆறு அங்கங்களுள் ஒன்று. எனவே, கண்ணாடி மாளிகைகளில் உட்கார்ந்து அயல்நாட்டு வங்கிகளுக்குக் கணக்கு எழுதும் நாம், கரும்பும் சோளமும் விளைவிக்கும் ஒரு நாட்டுப்புறத் தொகுதியின் வாசிகளாவோம்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சற்றே கிழக்கே நகர்ந்து வாகடில் வீடு பிடித்தவர் மாவள் தொகுதிக்குப் போய்விடுகிறார். முளா நதியைத் தாண்டிப் பாலேவாடியில் குடியேறியவர் புனேத் தொகுதியினர் ஆகிறார். அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் மூவர் மூன்று வெவ்வேறு பிரதிநிதிகளுக்கு உரியவர்கள். 2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பாராமதியின் வாக்குப்பதிவு மே மாதம் 7ஆம் தேதி. மாவளுக்கும் புனேக்கும் மே 13. இந்த வேறுபாட்டை அறியாமல் 13ஆம் தேதி காலையில் அடையாள அட்டையோடு புறப்பட்ட அன்பர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுடைய தேர்தல் ஆறு நாட்களுக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

அந்தத் தேர்தலைப் பற்றியே இம்மாதம் எழுத எண்ணினோம். ஏனெனில், நாடே திரும்பிப் பார்த்த ஒரு போட்டி நம் வீட்டு வாசலில் நடந்தது. நம்மில் பலர் அதனைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தோம்.

முதலில் இத்தொகுதியின் நிலத்தைச் சொல்ல வேண்டும். மேற்கே சஹ்யாத்ரி மலை. அங்கே மழை கொட்டுகிறது. கிழக்கே இந்தாபூர், பாராமதிப் பகுதிகள் மலையின் மழைமறைவில் காய்கின்றன. இடையிலே முளா, முட்டா, கர்ஹா, நீரா, பீமா என்று நதிகள் ஓடுகின்றன. முளாவும் முட்டாவும் புனே நகரில் கூடிப் பின்னர் பீமாவில் கலக்கின்றன. நீரா நதி தொகுதியின் தென்னெல்லையை ஒட்டி ஓடி, இந்தாபூர் தாலுகாவின் கோடியில் நீரா நரசிங்கபூர் என்னும் தலத்தில் நரசிம்மர் சந்நிதியருகே பீமாவோடு சங்கமமாகிறது. மலைப்பக்கத்து நீரை அணைகட்டித் தேக்கி, வறண்ட கீழ்ப்பக்கத்துக்குக் கால்வாயில் அனுப்புவதுதான் இங்கே அரசியலின் ஆணிவேர். போர் அருகே 1920களில் கட்டி முடிக்கப்பட்ட பாட்கர் அணையும், நீராக் கால்வாய்களும் இல்லாவிடில் பாராமதியில் கரும்பு ஏது? கரும்பு இல்லாவிடில் மாளேகாவ், சோமேஸ்வர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் ஏது? அவ்வாலைகள் இல்லாவிடில் பவார் குடும்பத்தின் செல்வாக்குத்தான் ஏது?

காவிரிக் கரையிலிருந்து வந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. மேட்டூர் திறக்கும் நாளை எதிர்நோக்கிக் கடைமடை உழவன் வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்ப்பது போலவே, இந்தாபூர் உழவன் கடக்வாஸ்லாக் கால்வாயைப் பார்க்கிறான். அவனும் கடைமடைக்காரன்தான். கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், தேம்கர் ஆகிய நான்கு அணைகளும் சேர்ந்து கொள்ளும் நீர் சுமார் 29 டி.எம்.சி. மேட்டூர் ஒன்று மட்டுமே 93 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளும் என்பதை நினைத்தால் இதன் சிறுமை விளங்கும். இந்தச் சிறு கையிருப்பிலிருந்துதான் புனே மாநகரம் குடிக்கிறது. தௌந்தும் இந்தாபூரும் பாசனம் செய்கின்றன. நகரம் வளர வளர, கால்வாயின் கடைசி மதகில் நீர் குறைகிறது. ஆண்டுதோறும் கால்வாய் ஆலோசனைக் குழு கூடி எத்தனை முறை நீர் விடுவது என்று தீர்மானிக்கும்போது எழும் கூச்சலை மராத்திப் பத்திரிகைகளில் காணலாம்.

நகரம் குடித்துக் கழித்த நீருக்கும் ஒரு பயணம் உண்டு. புரந்தர் ஏற்றுநீர்ப் பாசனத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. புனேக்குக் கீழே முளா–முட்டா நதியில் ஓடும் நீரைக் கோரேகாவ் மூள் அருகில் எந்திரத்தால் இறைத்து, மேட்டிலுள்ள புரந்தர் தாலுகா வயல்களுக்குக் கொண்டு செல்கிறார்கள். நகரத்துக் கழிவு பெருமளவு கலந்த நீர் அது. நம் குளியலறை நீர் சீத்தாப்பழத் தோப்புக்குப் போய்ச் சேர்கிறது என்று சொன்னால் மிகையாகாது. அந்தத் தோப்புக்காரரும் நாமும் ஒரே தொகுதியின் வாக்காளர்கள். அல்லது, நாம் பெயரைப் பதிந்துகொண்டிருந்தால் அவ்வாறு ஆகியிருப்போம்.

நிற்க. போட்டிக்கு வருவோம்.

இத்தொகுதியின் வரலாறு ஒரு குடும்பத்தோடு தொடங்கவில்லை. 1957இல் இங்கிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றவர் கேசவராவ் ஜேதே. 1977இல் ஜனதா அலையில் சம்பாஜிராவ் காகடே வென்றார். 1967 முதல் பாராமதிச் சட்டசபை உறுப்பினராக இருந்த சரத் பவார், 1984இல்தான் முதன்முதலாக இங்கிருந்து லோக்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டே அவர் மாநிலத்துக்குத் திரும்பிவிட, இடைத்தேர்தலில் மீண்டும் காகடேயே வென்றார் என்பது இன்று பலருக்கு நினைவில்லை. 1991இல் அவருடைய அண்ணன் மகன் அஜித் பவார் வென்று, சில மாதங்களில் சிற்றப்பாவுக்காக இடத்தைக் காலி செய்தார். 1996 முதல் 2004 வரை நான்கு பொதுத் தேர்தல்களில் சரத் பவாரே வென்றார். 2009இல் மகள் சுப்ரியா சுலே நின்றார்; 3 லட்சத்து 36 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2014இல் மகாதேவ் ஜான்கரை எதிர்த்த போட்டியில் அந்த வித்தியாசம் 69,719ஆகச் சுருங்கியது. 2019இல் 1,55,774ஆகப் பெருகியது.

இவ்வளவும் ஒரே குடும்பம் ஒரே கட்சியாக நின்ற காலத்துச் செய்தி. 2023 ஜூலை 2ஆம் தேதி அஜித் பவார் மாநில மந்திரிசபையில் துணை முதல்வராகச் சேர்ந்தார்; தேசியவாதக் காங்கிரஸ் இரண்டாயிற்று. 2024 பிப்ரவரி 6ஆம் தேதி தேர்தல் கமிஷன் கட்சிப் பெயரையும் கடிகாரச் சின்னத்தையும் அவர் தரப்புக்கே உரிமையாக்கியது. கட்சியைத் தோற்றுவித்த முதியவருக்குப் புதுப் பெயரும், துதாரி ஊதும் மனிதன் என்னும் புதுச் சின்னமும் கிடைத்தன. துதாரி என்பது நம் கோயில் திருவிழாக்களில் ஊதும் கொம்பு வாத்தியத்தை ஒத்தது.

பின்னர் அஜித் பவார் தம் மனைவி சுனேத்ரா பவாரையே பாராமதியில் நிறுத்தினார். அண்ணியும் நாத்தனாரும் எதிரெதிரே நின்றனர். நம் ஊர்களில் அண்ணி–நாத்தனார் சச்சரவு அடுப்பங்கரையோடு முடிந்துவிடும். இங்கே அது 23 லட்சத்து 72 ஆயிரம் வாக்காளர் முன்னிலையில் நடந்தது. மொத்தம் 38 அபேட்சகர்கள். ஆகவே ஒவ்வொரு சாவடியிலும் மூன்று பெட்டிகளை வரிசையாக வைக்க வேண்டியதாயிற்று.

சின்னத்திலும் ஒரு குழப்பம். சுயேச்சை அபேட்சகர் ஒருவருக்கு எக்காளம் சின்னம் கிடைத்தது. மராத்திப் பட்டியலில் அதற்கும் 'துதாரி' என்றே பெயர் போட்டிருந்தார்கள்! புதுச் சின்னத்தை ஊர் ஊராக அறிமுகம் செய்துகொண்டிருந்தவர்களுக்கு இது பெருந்தலைவலி ஆயிற்று. அதிகம் அறியப்படாத அந்தச் சுயேச்சைக்கு இங்கே 14,917 வாக்குகள் விழுந்தன. பாராமதியில் இதனால் முடிவு மாறவில்லை. அண்டைத் தொகுதியான சாதாராவிலோ, 32,771 வாக்கில் முடிவான போட்டியில் எக்காளக்காரர் 37 ஆயிரம் வாக்குகளைப் பெற்றார். ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு என்ன செய்யும் என்பதை இதைவிட நன்றாக விளக்க இயலாது.

பிரசாரத்தில் எழுந்த ஒரு வார்த்தையை நாம் மறக்க முடியவில்லை. 'பவார் என்னும் பெயருக்கே வாக்களியுங்கள்' என்ற பொருள்பட அஜித் பவார் பேசினார். சுலே என்பது புகுந்த வீட்டுப் பெயரல்லவா? அதற்கு மறுமொழியாக, மூலப் பவார் வேறு, வெளியிலிருந்து வந்த பவார் வேறு என்று சரத் பவார் சொன்னார். தேர் என்னும் ஊரில் பிறந்து, பாராமதிக்கு மருமகளாக வந்து, பல்லாண்டுகள் வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றிய சொல் அது. பெண்கள் பலர் மனம் வருந்தினர். எதிர்த்தரப்பு அதனைப் பெரிதாக்கியது. பின்னர் சமாதானங்கள் கூறப்பட்டன. எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்குவது நம் நோக்கமன்று. ஆயினும், அனுபவம் மிக்க ஒரு தலைவர் வாயில் அந்தச் சொல் வந்திருக்கலாகாது என்பது நம் அபிப்பிராயம். பெயரை வைத்து வாக்குக் கேட்டதும் அதற்குச் சற்றும் குறைந்த பிழையன்று. எத்தனை ஆண்டுகள் இருந்தால் ஒருவர் வெளியிலிருந்து வந்தவர் அல்லாமல் போகிறார் என்னும் கேள்வி, இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தக் கேள்வி ஆயிற்றே!

ஜூன் 4ஆம் தேதி எண்ணினார்கள். சுப்ரியா சுலே 7,32,312; சுனேத்ரா பவார் 5,73,979; வித்தியாசம் 1,58,333. பாராமதிச் சட்டசபைப் பகுதியிலேயே, கணவர் பல முறை வென்ற மண்ணிலேயே, சுனேத்ரா சுமார் 48 ஆயிரம் வாக்குகள் பின்தங்கினார். நாம் இருக்கும் போர் பகுதியில் சுலேக்கு 43 ஆயிரத்துக்கு மேல் அதிகம். சுனேத்ராவுக்கு முன்னிலை தந்தது நகரத்தை ஒட்டிய கடக்வாஸ்லா ஒன்றே. அந்தக் கடக்வாஸ்லாவில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஐம்பதைச் சற்றே தாண்டினர். பாராமதியிலோ எழுபதை நெருங்கினர். தொகுதி முழுவதுக்கும் 59.5. வெயிலில் வரிசையில் நின்றவர் உழவர். வீட்டில் இருந்தவர் நகரவாசி. எந்த மதகு எப்போது திறக்கும் என்பதில் உழவருக்குச் சொல் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எவர் கூறுவார்?

கதை அத்தோடு முடியவில்லை. அதே ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி சட்டசபைத் தேர்தல். பாராமதியில் அஜித் பவாரை எதிர்த்து அவருடைய தம்பி மகன் யுகேந்திர பவார் நின்றார். ஆறு மாதத்துக்கு முன் அஜித்தின் மனைவியைத் தோற்கடித்த அதே மக்கள், அஜித்தை ஒரு லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வெற்றிபெறச் செய்தனர். பாராமதி மட்டுமன்று, ஆறு சட்டசபைப் பகுதிகளிலும் ஆளும் கூட்டணியே வென்றது. லோக்சபைக்கு அக்கா, சட்டசபைக்கு அண்ணா என்று மராத்தியில் வழங்கிய பேச்சு வெறும் பேச்சாகவே நிற்கவில்லை. பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தரும் திட்டம் இடையில் வந்ததே காரணம் என்பர் சிலர். அதுவும் உண்டு. ஆனால், தில்லியில் பேசத் தெரிந்தவர் யார், மும்பையில் கோப்பை நகர்த்தத் தெரிந்தவர் யார் என்று இம்மக்கள் தனித்தனியே நிறுத்துப் பார்த்தனர் என்பதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. கிராமத்தார் பெயருக்கும் சாதிக்கும் வாக்களிப்பவர், படித்த நாமோ ஆராய்ந்து வாக்களிப்பவர் என்று நம்மில் சிலர் கொண்டுள்ள எண்ணத்தைச் சற்று மாற்றிக்கொள்வது நல்லது. நாம் ஆராய்ந்தோம், அவர்கள் வாக்களித்தார்கள்.

இனி நம் விஷயம். ஹிஞ்சேவாடியில் நமக்குக் குறையில்லையா? கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடியிருப்புச் சங்கங்கள் கொடுக்கும் பணத்தை எவரும் அறிவர். ஓடைகளை அடைத்துக் கட்டடம் எழுப்பியதால் 2025 ஜூன் மழையில் சாலைகள் ஆறாயின. காலை மாலை நெரிசலைப் பற்றி எழுதினால் இந்த இதழே போதாது. இவற்றைப் பற்றிய மனுக்களில் நாம் தவறாமல் கையொப்பமிடுகிறோம். மனுவை வாங்குபவர் முதலில் பார்ப்பது, கையொப்பமிட்டவர் தம் வாக்காளரா என்பதை. அதில் அவரைக் குறை சொல்லவும் இயலாது.

ஆயினும் பெயரை இங்கே மாற்றிக்கொள்வது எளிதாகச் செய்துவிடும் காரியமன்று என்பதையும் நாம் அறிவோம். 2024 ஏப்ரல் 19ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்தபோது, நம் அங்கத்தினர் சிலர் ஒரு நாள் முழுதும் ரயிலில் சென்று வாக்களித்துத் திரும்பினர். அவர்களை நாம் மெச்சுகிறோம். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் ஊரிலிருந்தே பெயரை எடுத்துவிட்டது போலாகும் என்று நம் சங்கத்து மூதாட்டி ஒருவர் கூறினார். அதற்கு மறுமொழி கூற எவருக்கும் மனம் வரவில்லை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி, வீடு வீடாகப் படிவம் கொடுத்தபோது, "நீ எங்கே இருக்கிறாய் என்று எழுதுவது?" என்று ஊரிலிருந்து கேட்காத பெற்றோர் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது? 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டு, பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைக்கும் அபராதத்துக்கும் இடமுண்டு. எங்கே ஒருவர் சாதாரணமாக வசிக்கிறாரோ அங்கே பதிய வேண்டும். ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. அதே சமயம், தற்காலிகமாக வெளியே சென்றிருப்பதால் மட்டும் ஒருவர் தம் ஊர் வாசி அல்லாமல் போவதில்லை என்றும் அச்சட்டமே கூறுகிறது. ஆகவே ஆறு மாதப் பயிற்சிக்காக விடுதியில் தங்கியிருக்கும் இளைஞர் நிலை வேறு. இங்கே வீடு வாங்கி, குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்து, பதினைந்தாண்டுகளாக வாழும் குடும்பத்தின் நிலை வேறு. பின்னவர் ஊர்ப் பட்டியலில் இருப்பது பாசத்தினால் என்றால் புரிகிறது. சட்டத்தினால் என்றால் ஒப்புவதற்கில்லை.

இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க ஒரு வழி வரும் என்று சிலர் காத்திருக்கின்றனர். 2022 டிசம்பர் 29ஆம் தேதி தேர்தல் கமிஷன், 72 தொகுதிகளின் வாக்குகளை ஒரே சாவடியில் பதியக்கூடிய தொலைவாக்கு எந்திரத்தின் மாதிரியை அறிவித்தது. மறுமாதம் 16ஆம் தேதி கட்சிகளை அழைத்துக் காட்ட முயன்றது. இடம்பெயர்ந்தவர் என்றால் யார், எண்ணிக்கை எவ்வளவு, அயல் மாநிலத்தில் நன்னடத்தை விதிகளை எவ்வாறு அமலாக்குவது என்று எதிர்க்கட்சிகள் கேள்விகளை எழுப்பின. 2024 தேர்தலுக்கு அந்த எந்திரம் வரவில்லை.

மாற்றிக்கொள்ள விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். எங்கேனும் ஏற்கெனவே பெயர் இருப்பவர்க்கு உரியது 8ஆம் எண் படிவம். அதில் பழைய அட்டை எண்ணைத் தவறாது எழுத வேண்டும். முதன்முறை பதியும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு 6ஆம் எண் படிவம். முன்போல ஜனவரி 1 மட்டுமின்றி, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய தேதிகளும் வயதுக் கணக்குக்குக் கொள்ளப்படுகின்றன. வாடகை வீட்டார் பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தத்தைக் காட்டலாம். வீட்டுக்காரர் ஆட்சேபிக்க இடமில்லை.

பெயர் எழுதுவதில்தான் நம்மவர்க்குச் சங்கடம். இங்கே தன் பெயர், தகப்பனார் பெயர், குடும்பப் பெயர் என மூன்று எழுதுவது வழக்கம். மணமான பெண்ணுக்கு நடுவில் கணவர் பெயர். நமக்கோ தலைப்பெழுத்து ஒன்றுதான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் எழுத்தர் தகப்பனாரையே வாக்காளராக்கி, மகனைக் குடும்பப் பெயராக்கிய விந்தைகளும் உண்டு. ஆதார் அட்டையிலும் கடவுச்சீட்டிலும் எவ்வாறு இருக்கிறதோ அவ்வாறே விரித்து எழுதுக. பட்டியல் மராத்தியில் வெளிவரும்போது ழகரமும் றகரமும் என்னவாயின என்று ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.

மராத்தி வாசிக்கத் தெரிந்த இரு அங்கத்தினர்கள் வரும் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணி முதல் நம் சங்கக் கூடத்தில் இருப்பார்கள். மாற்ற விரும்புவோரும், மாற்ற விரும்பாமல் தம் பெயர் எங்கே இருக்கிறது என்று மட்டும் அறிய விரும்புவோரும் அடையாள அட்டையுடன் வரலாம். வாகடிலிருந்து வருவோர் மாவள் தொகுதியினர் என்பதை நினைவில் கொள்க.